எட்டுச் சக்கர எஞ்சினும் ஒற்றை அச்சும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், கண் தெரியாத ஒரு மனிதரிடம் நான் கத்தியதைப் பின்னால் படிக்கும்போது என்னை ராட்சசி என்று நினைத்துக்கொள்வீர்கள். கத்தியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

நான் கொலு பொம்மை செய்கிறவள். பிறந்தது பண்ருட்டிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது கடலூரில். செம்மண்டலத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதில்தான் வேலை. காகிதக் கூழோடு மரவள்ளி மாவும் சுண்ணாம்புத் தூளும் பிசைந்து, பிளாஸ்டர் அச்சில் அழுத்தி எடுத்து, காயவைத்து, தேய்த்து, வண்ணம் அடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில் கொட்டகையில் உட்கார்ந்து எனக்கு வண்ணம் அடிப்பார். கூடவே வாயும் அடிப்பார்.

ஆவணி மாதம் ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். தையற்காரர் என்று பார்த்ததுமே தெரிந்தது, ஜாக்கெட் தோளில் குத்தியிருந்த இரண்டு குண்டூசியைக் கழற்ற மறந்துபோய் வந்திருந்தார். தசாவதாரம், அஷ்டலட்சுமி எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரயில் எஞ்சின் ஒண்ணு செஞ்சு குடுப்பியாம்மா? கரி எஞ்சின். ஒரு முழ நீளம் இருக்கணும்."

"பேரப்பிள்ளைங்களுக்காக்கா?"

"எனக்குத்தான்."

அவருடைய கணவர் ரயில்வேயில் ஃபயர்மேனாக இருந்தவராம். எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. இங்கே இல்லை, வடக்கே, மத்தியப் பிரதேசத்துக் காட்டுப் பக்கம் நேரோ கேஜ் என்று ஒரு சின்னப் பாதையில். வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை லீவில் வருவார். அந்த அக்கா சிதம்பரத்திலேயே தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு இரண்டு பெண்களையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டார். ஒரு தடவைகூட அங்கே போனதில்லை.

"இருவது வருஷம் அந்த எஞ்சின்தாம்மா அவரை வச்சிக்கினு இருந்துது. அது மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒரு தடவ கண்ணால பாத்துடணும், அவ்ளோதான். இந்தக் கொலுவுல வச்சிப் பாத்துடணும்."

"ஃபோன்ல தேடினா ஆயிரம் எஞ்சின் வருமேக்கா?"

"வருது. என் பொண்ணு காட்டினா. ஆனா எது அவர் எஞ்சின்னு யாரு சொல்றது? அவருக்கு சுகர்ல கண்ணு போச்சு. படத்தத் தடவிப் பாத்தா கண்ணாடிதான் தட்டுப்படுது."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பார்க்கிறவருக்கு அந்த எஞ்சினைத் தெரியாது. தெரிந்தவரால் பார்க்க முடியாது. நடுவில் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு பொருள் வேண்டும். அதை நான் செய்ய வேண்டும். பாவமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ரயில்தானே, செய்துவிடலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த "தானே"வுக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே!

எப்படிச் செய்வது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டது என் முதல் தப்பு.

"ஊட்டி ரயில் போட்டுடு. அதுதான் குட்டி ரயிலு, எல்லாருக்கும் புடிக்கும்" என்றார்.

"அவர் ஊட்டியில வேலை செய்யலையே மாமா?"

"கரி எஞ்சின்னா எல்லாம் ஒண்ணுதான். புகை வரும், கூ-ன்னு கத்தும், கண்ணுல கரி விழும். இதுல இன்னா ஜாதி வித்தியாசம் கெடக்குது?"

நானும் தலையாட்டினேன். ஊட்டி எஞ்சின் படத்தை வைத்துக்கொண்டு, குட்டையாக, கொழுகொழுவென்று ஒன்று செய்தேன். நீல வண்ணம், சக்கரத்துக்குச் சிவப்புக் கோடு. அதை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் போனேன். சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றம் வந்தபோது மூக்கை மூடாமல் எஞ்சினுடைய புகைபோக்கியைத்தான் கையால் மூடிக்கொண்டேன், இடித்து உடைந்துவிடப் போகிறதே என்று. பக்கத்து சீட்டுப் பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அவர்கள் வீடு தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். முன்னறையில் ஜன்னலோரம் தையல் மிஷின், காலால் மிதிக்கிற பழைய மிஷின். ஃபயர்மேன் ஐயா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள், ஆனால் மணிக்கட்டு மட்டும் இரண்டு ஆளுக்குச் சேர்த்து வைத்த மாதிரி. பொம்மையை அவர் மடியில் வைத்தேன். தையற்கார அக்கா அவர் முகத்தையே பார்த்தார்.

விரல் புகைபோக்கியில் ஆரம்பித்தது. இறங்கி, வயிற்றைத் தடவி, பக்கவாட்டில் இருந்த பெட்டிகளில் நின்றது. பின்பக்கம் போய்க் காற்றில் துழாவியது.

"டெண்டர் எங்கம்மா?"

"டெண்டர்னா?"

"பின்னால கரியும் தண்ணியும் ஏத்திக்கினு வருமே, தனி வண்டி. என் எஞ்சினுக்கு அது உண்டு. நீ செஞ்சிருக்கறது டேங்க் எஞ்சின். தண்ணிய ரெண்டு பக்கமும் இடுப்புல கட்டிக்கினு, கரிய முதுகுல வச்சிக்கினு போறது. தூரம் போவாது. இது ஊட்டி வண்டிதானே?"

"ஆமாங்கையா. நேரோ கேஜ்தானே அது?"

சிரித்துவிட்டார். "ஊருல பாதிப் பேரு அப்படித்தான் சொல்றான். அது மீட்டர் கேஜு. நம்ம சிதம்பரம் லைன் முன்னாடி எவ்ளோ அகலம் இருந்துதோ, ஊட்டி அதே அகலம். மலை ஏர்றதுக்கு நடுவுல பல்சக்கரம் வச்சிருக்கான், அவ்ளோதான். எங்களது ரெண்டரை அடி."

தையற்கார அக்கா எழுந்து எனக்குக் காபி போடப் போனார். அந்த நீல எஞ்சினை அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. அது அவருக்கு யாரோ ஒரு எஞ்சின்.

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஆத்திரத்துக்கு அடியில் ஒன்று குறுகுறுத்தது. ரெண்டரை அடி. அவ்வளவுதானா? அதன்மேல் எப்படி ஒரு ரயில் நிற்கும்? வீட்டுக்கு வந்ததும் இஞ்ச் டேப்பை எடுத்து வீடு முழுக்க அளந்தேன். வெளிவாசல் கதவு மூன்றரை அடி. அறைக் கதவு மூன்று அடி. பாத்ரூம் கதவு, கனகச்சிதமாக ரெண்டரை.

"மாமா, இங்க வந்து நில்லு."

"எதுக்கு?"

"நில்லுன்னா நில்லேன்."

பாத்ரூம் கதவு நிலைக்கு நடுவில், இரண்டு பக்கமும் காலை அகட்டி நிற்கவைத்தேன். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு இருக்கிற அந்த அகலத்தில்தான் ஒரு எஞ்சின், பின்னால் பத்துப் பெட்டி, அதில் நூற்றுக்கணக்கான ஜனம். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, அவர், "பொம்பளைக்கு முத்திப்போச்சு" என்று சொல்லிவிட்டு வேனை எடுக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு அதே வேலையாகிவிட்டது. பிள்ளையாருக்குக் கண் திறக்க வேண்டிய நேரத்தில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் நாட்டு எஞ்சின்களுக்கு எழுத்தில்தான் பெயர் என்று தெரிந்தது. முதல் எழுத்து பாதையைச் சொல்லும். ஒய் என்றால் மீட்டர் கேஜ், இசட் என்றால் ரெண்டரை அடி. அடுத்த எழுத்து அது எந்த ரகம் என்று சொல்லும். நேரோ கேஜில் டெண்டரோடு நல்ல நீளமாக ஒரு படம் கிடைத்தது. கீழே இசட்.பி. என்று போட்டிருந்தது. பார்க்க லட்சணமான எஞ்சின். இதுதான், சந்தேகமே இல்லை என்று பத்து நாள் உட்கார்ந்து செய்தேன். கறுப்பு வண்ணம், பின்னால் டெண்டர், அதில் நிஜக் கரியைப் பொடித்து ஒட்டியிருந்தேன்.

இந்தத் தடவை ஃபயர்மேன் ஐயா டெண்டரை முதலில் தொட்டார். கரியைத் தொட்டதும் முகம் மலர்ந்தது. தையற்கார அக்கா பக்கத்தில் வந்து நின்றார். விரல் சக்கரத்துக்கு இறங்கியது. உதடு அசைந்தது, எண்ணுகிறார்.

"முன்னால சின்னது நாலு. பெருசு ஆறு. பின்னால சின்னது ரெண்டு." கையை எடுத்துவிட்டார். "நல்லாத்தாம்மா செஞ்சிருக்க. ஆனா இது இசட்.பி. பாசஞ்சர் வண்டி இழுக்கறவன். இவன் எங்க பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி, தெரியும், பழக்கம் கெடையாது. என்னோடது இசட்.ஈ. முன்னால ரெண்டு, பெருசு எட்டு, பின்னால ரெண்டு."

"ஏங்கையா, ஆறுன்னா இன்னா, எட்டுன்னா இன்னா? பொம்மைக்கு ரெண்டு சக்கரம் ஜாஸ்தியாயிருந்தா இன்னா, கம்மியாயிருந்தா இன்னா? எஞ்சின் எஞ்சின்தானே!"

என் குரல் ஏறியது எனக்கே கேட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"கோயில்ல சாமி தூக்கறாங்க இல்ல? ஆறு பேர் தூக்கறதுக்கும் எட்டுப் பேர் தூக்கறதுக்கும் வித்தியாசம் இல்லியா?"

நேரோ கேஜில் தண்டவாளம் மெலிசாம். ஒரே இடத்தில் கனத்தை ஏற்றினால் வளைந்துவிடும். அதனால் எஞ்சினைக் கனமாக்க வேண்டுமானால் கூடுதலாகச் சக்கரம் வைத்துப் பங்கு போட வேண்டும். அந்தப் பெரிய சக்கரங்கள் எல்லாவற்றையும் ஒரே கம்பி கோத்துச் சுற்றும். எட்டும் சேர்ந்து தண்டவாளத்தைப் பிடித்தால் வழுக்காது, கூட்ஸ் இழுக்கலாம், மேடு ஏறலாம். முன்னால் இருக்கிற சின்னச் சக்கரம் இழுக்காது, வளைவில் வழி காட்டும். வேகமாக ஓடுகிற வண்டிக்கு அது நாலு வைப்பார்கள், கனம் இழுக்கிற வண்டிக்கு இரண்டு போதும்.

"அப்ப மழையில? இலை விழுந்து கெடந்தா? எட்டும் வழுக்கினா?" நான் கோபத்தை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டே போனேன்.

"மணல் போடுவோம். சக்கரத்துக்கு முன்னாடி குழாய் இருக்கு, அதுல மணல் கொட்டும்."

"கரி எவ்ளோ நேரத்துக்கு ஒருதரம்?"

"தீ கேக்கறப்ப."

தையற்கார அக்கா மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இவ்ளோ நாள்ல என்கிட்ட இதெல்லாம் சொன்னதில்ல" என்றார்.

"நீ கேட்டதில்ல" என்றார் அவர்.

"கேக்க நீங்க இங்க இருந்தீங்களா?"

 நான் இசட்.பி.யைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். பஸ் போய்விட்டிருந்தது, அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். மனதுக்குள் எட்டுச் சக்கரம் ஓடிக்கொண்டிருந்ததால் கால் வலி தெரியவில்லை.

இனி என் தொழில் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், தப்பு அதில்தான் இருக்கிறது. நாங்கள் திருவதிகைப் பக்கத்து ஆட்கள். சிவன் திரிபுரம் எரிக்கப் போன ரதம் எங்களுக்கு ரொம்ப முக்கியம். அந்த ரதத்தை நான் வருடத்துக்கு நாற்பது, ஐம்பது செய்வேன். ரதச் சக்கரத்துக்கு ஒரே அச்சுதான். ஒரே அச்சில் இரண்டு தகடு எடுத்து, ஒன்றை இந்தப் பக்கம், ஒன்றைத் திருப்பி அந்தப் பக்கம் ஒட்டிவிடுவோம். எங்கள் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். ரதத்துக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் சக்கரம் சக்கரம்தானே! இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான் வேலை சுத்தம் என்று பெயர்.

இசட்.ஈ.க்கும் அப்படியே செய்தேன். ஒரு பக்கத்துக்கு நான்கு பெரிய சக்கரம் வரிசையாக, அவற்றைக் கோத்து நீளமாக ஒரு கம்பி, எல்லாம் சேர்ந்த ஒரு தகடு. படங்களில் கம்பி கீழே தாழ்ந்து இருக்கும்போதுதான் சக்கரம் நன்றாகத் தெரிகிறது, அதனால் கம்பியைக் கீழே வைத்து அச்சு செய்தேன். ஒரு அச்சு, இரண்டு தகடு. சின்னச் சக்கரங்கள் தனியாக, புகைபோக்கி, ஆள் நிற்கிற கூண்டு, டெண்டர். இந்தத் தடவை படத்தை இருபது தடவை பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொரு ஆணியையும் கடுகளவு கூழில் வைத்தேன். என் வீட்டுக்காரரே, "அடேயப்பா, நிஜமாவே கூவிடும்போல இருக்கே" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி வருவது லேசில்லை.

மூன்றாம் தடவை போனபோது கொலு வைக்க ஐந்து நாள்தான் இருந்தது. வீட்டில் படி கட்டி வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். கீழே, படிக்கு முன்னால், தரையில் ஒரு முழ நீளத்துக்குக் கோலமாவினால் இரண்டு கோடு போட்டிருந்தார் தையற்கார அக்கா. தண்டவாளமாம். அதை மிதிக்காமல் சுற்றிப் போய் எஞ்சினை ஐயா மடியில் வைத்தேன்.

ஃபயர்மேன் ஐயா தொட்டார். முன்னால் இரண்டு. பெரிதில் விரல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொன்றாகத் தாவியது. பின்னால் இரண்டு. கூண்டு. கரி. டெண்டர்.

"அட!" என்றார். "அட, வந்துட்டான்யா!"

தையற்கார அக்கா எழுந்தே விட்டார். "இதுதானா?"

"இரு, இரு." இரண்டு கையையும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்துச் சக்கரத்திலும் வைத்தார். அப்படியே நின்றுவிட்டது கை. திரும்பவும் தடவினார். முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது.

"இது கெளம்பாதும்மா."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "பொம்மை எதுக்குய்யா கெளம்பணும்? எங்க போகப் போவுது? கொலுவுல நிக்கத்தானே போவுது! மூணு தடவ செஞ்சுட்டேன். ஆறு சக்கரம்னா குத்தம், எட்டு சக்கரம்னா அதுவும் குத்தம். உங்களுக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா இவ்ளோ குத்தம் சொல்லமாட்டீங்க!"

சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் வந்த வார்த்தை வந்ததுதான். 

அவர் மெதுவாகச் சொன்னார். "கண்ணு தெரிஞ்சிருந்தா ஒரு பக்கந்தாம்மா பாத்திருப்பேன். நல்லாருக்குன்னு சொல்லி அனுப்பிச்சிருப்பேன். கை ரெண்டு பக்கமும் போவுதே, இன்னா பண்றது?"

பிறகு அதை விளக்கினார். எஞ்சினுக்கு இந்தப் பக்கம் ஒரு தண்டு, அந்தப் பக்கம் ஒரு தண்டு, சக்கரத்தைத் தள்ளுவதற்கு. தண்டு முன்கோடியிலோ பின்கோடியிலோ போய் நின்றுவிட்டால் அந்த நொடியில் அதனால் தள்ள முடியாது. எவ்வளவு நீராவி கொடுத்தாலும் முடியாது. அதனால் இரண்டு பக்கத்தையும் கால் சுற்றுத் தள்ளி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் கம்பி கீழே இருக்கும்போது மற்றப் பக்கம் முன்னாலோ பின்னாலோ இருக்கும். ஒன்று மாட்டிக்கொண்டால் மற்றது இழுத்துவிடும். எந்த ரக எஞ்சினானாலும் இது மட்டும் மாறாது. நான் செய்ததில் இரண்டும் ஒரே மாதிரி கீழே இருந்தது. சுற்றி வரும்போது இரண்டும் சேர்ந்து போய் மாட்டிக்கொள்ளும்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. தையற்கார அக்காவுக்கு முழுதும் புரிந்துவிட்டது.

"என் மிஷின் மாதிரி" என்றார்.

"இன்னாது?" என்றார் ஃபயர்மேன் ஐயா.

அக்கா மிஷினுக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் திருப்பி ஓர் இடத்தில் நிறுத்தினார். காலால் மிதித்தார். பெடல் அசையவில்லை. "இந்த எடத்துல நின்னா எவ்ளோ மிதிச்சாலும் சுத்தாது. அப்பப்ப இப்படித்தான் நின்னுடும். கையால ஒரு தள்ளு தள்ளிவிட்டாத்தான் ஓடும்." சக்கரத்தை லேசாகத் தள்ளினார், பெடல் துள்ளிக்கொண்டு ஓடியது. "இதுக்கு ஒரு பக்கந்தான். அந்தப் பக்கத்துல இழுத்துவிட வேற தண்டு இல்ல. இருவது வருஷம் நான் கையால தள்ளிவிட்டுத்தான் ஓட்டினேன்."

அக்கா மிஷினைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் ஃபயர்மேன் ஐயா எஞ்சினிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்கையா" என்றேன். "வேற அச்சு போட்டு எடுத்தாறேன்."

"நாள் இல்லியேம்மா?"

"அது என் பாடு."

வீட்டுக்கு வந்து இடது பக்கத் தகட்டை உளி வைத்துப் பெயர்த்தேன். ரதச் சக்கரம் செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் இரண்டு அச்சு நான் போட்டதில்லை. எங்கள் ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள். கம்பியைக் கால் சுற்று முன்னால் ஏற்றிப் புது அச்சு செய்தேன். வானம் வேறு மூடிக்கொண்டது. என் வீட்டுக்காரர் தகட்டை வேனுக்குள் டாஷ்போர்டு மேல் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெயில் எட்டிப் பார்க்கிற இடமெல்லாம் தேடித் தேடி வண்டியை நிறுத்திக் காயவைத்தார். "எட்டு சக்கரத்துக்கும் நாலு சக்கரத்துக்கும் இன்னா உறவு பாத்தியா" என்று கேலி வேறு. அவரை நம்பித்தான் அந்தத் தகடு காய்ந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அமாவாசையன்று காலையில் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். இந்தத் தடவை புகைபோக்கியையெல்லாம் அவர் தொடவில்லை. நேராக இரண்டு கையும் இரண்டு பக்கமும் போனது. வலது கை கீழே நின்றது. இடது கை முன்னால் நின்றது. உள்ளங்கை இரண்டையும் சக்கரங்களின்மேல் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சுற்றினார், காற்றில் மிதிப்பதுபோல.

"ம். இப்பக் கெளம்பும்."

தையற்கார அக்கா எஞ்சினை அவர் மடியிலிருந்து எடுத்து, கோலமாவுத் தண்டவாளத்தின்மேல் வைத்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முன்னால் பார்த்தார், பக்கத்தில் பார்த்தார், எழுந்து சுற்றிப் போய் அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இதானா நீ?" என்று எஞ்சினைக் கேட்டார். அழவெல்லாம் இல்லை. சண்டைக்காரியை நேரில் பார்த்துவிட்டு, இவளா, பரவாயில்லையே என்று நினைக்கிற முகம்.

"நீங்க எங்க நிப்பீங்க?"

ஃபயர்மேன் ஐயா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். அக்கா அவர் விரலைப் பிடித்து எஞ்சினில் வைத்தார். விரல் கூண்டுக்குள் நுழைந்தது. "இங்க. டிரைவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். திரும்பினா டெண்டர், குனிஞ்சா தீ."

அக்கா என்னைப் பார்த்தார். "ரெண்டு ஆள் பொம்மை செய்வியாம்மா? அதுக்குள்ள நிக்கற அளவுக்கு, சின்னதா."

"செய்யறேங்க்கா. டிரைவரும் ஃபயர்மேனும்தானே?"

"டிரைவர் வேணாம். ஒரு பொம்பள."

ஃபயர்மேன் ஐயா சிரித்துவிட்டார். "ஏய், எஞ்சின்ல வெளியாள் ஏறக் கூடாது. ரூல்ஸ் இருக்கு."

"இருவது வருஷம் ரூல்ஸ்படிதானே இருந்தேன்?"

அவர் விரலால் கூண்டின் அகலத்தை அளந்து பார்த்தார். "ரெண்டு பேருக்கு எடம் பத்தும்மா" என்று என்னிடம் சொன்னார்.

ஆயுத பூஜையன்று போனேன். தையல் மிஷினுக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்துக்குப் பூ சுற்றியிருந்தார்கள். எஞ்சின் நெற்றியிலும் ஒரு பொட்டு. கட்டைவிரல் உயரத்தில் இரண்டு ஆட்களை, கொண்டுவந்த பஞ்சிலிருந்து எடுத்துக் கூண்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர். பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி. அவள் முந்தானை ஓரத்தை மட்டும் கொஞ்சம் தூக்கலாகச் செய்திருந்தேன், அவர் விரலுக்குத் தட்டுப்படட்டும் என்று.